போதகர்களே, அந்நியரின் கூலியைப் பற்றியும் பேசுங்கள்

சபைகளை நடத்தும் போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும், கிறிஸ்துவுக்குள் அன்பின் வாழ்த்துகள்.

வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்து குடியேறியவர்களைப் பற்றி நம் பிரசங்க மேடைகளில் பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் இரக்கத்தோடு முடிந்துவிடுகிறது. துணி கொடுங்கள், உணவு கொடுங்கள், ஜெபியுங்கள். நல்லதுதான். ஆனால் அவர்கள் கையேந்த வந்தவர்கள் என்ற எண்ணத்தை இப்படிப் பேசிப் பேசி நாமே வளர்த்துவிடுகிறோமோ என்று தோன்றுகிறது. வேதாகமத்தில் வரும் அந்நியர்களைப் பாருங்கள், பலர் ஏதாவது ஒரு வேலையில் இருக்கிறார்கள்.

வேறு தேசத்துக்குப் போன யாக்கோபு, தன் தாய்மாமன் லாபானிடம் 20 வருடம் ஆடு மேய்த்தான். நீ வந்ததால் கர்த்தர் என்னை ஆசீர்வதித்தார் என்று லாபானே ஒப்புக்கொள்கிறான். அந்த லாபான்தான் அவன் சம்பளத்தைப் பத்துமுறை மாற்றினான்! யோசேப்பு எகிப்துக்கு விற்கப்பட்டுப் போனவன். செழிப்பான ஏழு வருடங்களில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைக்கும் யோசனை அவனுடையது. பஞ்சம் வந்தபோது அந்த நாட்டைக் காப்பாற்றியது அந்தத் தானியம்.

அப்புறம் யோசேப்பை அறியாத பார்வோன் வருகிறான். யோசேப்பின் இனத்தாரான இஸ்ரவேலர் பெருகிவிட்டார்கள் என்று பயப்படுகிறான். ஆனால் அவர்களைத் துரத்த நினைக்கவில்லை. யாத்திராகமம் முதல் அதிகாரத்தை நிதானமாக வாசித்தால், அவர்கள் தேசத்தைவிட்டுப் போய்விடுவார்களோ என்பதும் அவன் பயம்தான். பித்தோம், ராமசேஸ் என்ற பண்டசாலைப் பட்டணங்களை யார் கட்டுவது? அவர்களுடைய உழைப்பு வேண்டும், அவர்கள் வேண்டாம். இந்தப் பேச்சு இன்றைக்கும் நமக்குப் புதிதில்லை.

சாலொமோனின் ஆலயத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டாயிற்று. பொன்னும் கேதுருவும் வரும். ஆனால் நாளாகமம் இரண்டாம் புத்தகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு கணக்கு இருக்கிறது: தேசத்திலிருந்த அந்நியரை எண்ணியபோது 1,53,600 பேர். அதில் 70,000 பேர் சுமை சுமக்க, 80,000 பேர் மலையில் கல் வெட்ட, 3,600 பேர் மேற்பார்வைக்கு. யாகீன், போவாஸ் என்ற வெண்கலத் தூண்களை வார்த்த ஈராம் என்ற கைவினைஞனின் தகப்பன், தீரு என்ற அயல் பட்டணத்தைச் சேர்ந்தவன். அந்த வேலையைப் பெருமையாக மட்டும் சொல்லிவிடவும் முடியாது, ஏனென்றால் கல் வெட்டியவர்களிடம் யாரும் சம்மதம் கேட்டதாக எழுதப்படவில்லை.

சரி, எங்கள் வேலை பறிபோகிறதே என்று சபையில் ஒருவர் கேட்டால்? அதைச் சிரித்து ஒதுக்காதீர்கள். அதே தொழிலில் இருப்பவருக்குச் சில சமயம் நெருக்கடி வரத்தான் செய்யும். ஆனால் ஒரு நாட்டின் வேலைகள் எண்ணி வைத்த அப்பங்கள் இல்லை. ரோமப் பேரரசன் கிலவுதியு ராயனின் கட்டளையால் ரோமாபுரியைவிட்டுப் போக நேர்ந்த யூதத் தம்பதியர் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கொரிந்துவில் கூடாரத் தொழில் செய்தார்கள். அங்கே வந்த பவுலும் அவர்களோடு தங்கி அதே வேலையைச் செய்தான். தொழில் செய்கிறவன் தோல் வாங்குவான், நூல் வாங்குவான், வாடகை கொடுப்பான்; அதில் உள்ளூர்க்காரர்களுக்கும் வருமானம் உண்டு. பிலிப்பி பட்டணத்தில் இரத்தாம்பரம் என்ற விலையுயர்ந்த சாயத் துணி விற்ற லீதியாளும் தியத்தீராவிலிருந்து வந்தவள்தான்.

நெருக்கடிக்கான மருந்தையும் உபாகமம் 24 சொல்கிறது. கூலிக்காரன் சகோதரனானாலும் அந்நியனானாலும் ஒடுக்காதே, பொழுது போகுமுன் கூலியைக் கொடு என்று இருவரையும் ஒரே வாக்கியத்தில் வைக்கிறது. எனக்கு இதில் நல்ல பொருளாதாரமும் தெரிகிறது. அந்நியனுக்குக் குறைத்துக் கொடுக்கலாம் என்று விட்டுவிட்டால், உள்ளூர்க்காரனின் கூலியும் தானாக இறங்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு எச்சரிக்கையும் வேண்டும். அவர்கள் வரி கட்டுகிறார்கள், வீடு கட்டுகிறார்கள், முதியோரைப் பார்த்துக்கொள்கிறார்கள், ஆகவே நேசியுங்கள் என்று பிரசங்கிக்காதீர்கள். லேவியராகமம் 19 சொல்லும் காரணம் வேறு: நீங்களும் எகிப்தில் அந்நியராயிருந்தீர்கள். லாபக் கணக்கு அங்கே இல்லை. மோவாபிலிருந்து வந்த ரூத் வயலில் கதிர் பொறுக்கினாள், அவளுடைய வயதான மாமியார் நகோமி வீட்டிலிருந்தாள், இருவரும் அந்த வாற்கோதுமையைத்தான் சாப்பிட்டார்கள். நோயில் விழுந்த தொழிலாளிக்கும் அவன் பிள்ளைகளுக்கும் அந்தக் கட்டளை பொருந்தும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். வருகிற மாதங்களில் ஒரு ஞாயிறு உபாகமம் 24-ஐயும், அறுவடை செய்தவர்களின் பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்ற யாக்கோபு நிருபம் ஐந்தாம் அதிகாரத்தையும் சேர்த்துப் பிரசங்கியுங்கள். தொழிலாளர்களை வேலைக்கு வைத்திருக்கும் விசுவாசிகளைத் தனியாகச் சந்தித்துக் கேளுங்கள்: சம்பளம் உரிய நாளில் போகிறதா, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருக்கிறீர்களா, வாரத்தில் ஒருநாள் ஓய்வு உண்டா? ஓய்வுநாளில் அந்நியனும் இளைப்பாற வேண்டும் என்பது யாத்திராகமம் 23. காணிக்கை பெரிதாகக் கொடுப்பவரிடம் இதைக் கேட்பது சங்கடம்தான், தெரியும். அவரிடம் முதலில் கேளுங்கள். அதற்கும் முன்பாக, ஆலயத்தைக் கூட்டிப் பெருக்குகிறவருக்குச் சபை என்ன கொடுக்கிறது என்று பொருளாளரிடம் விசாரியுங்கள்.

இப்படிக்கு,
சபை விசுவாசி ஒருவன்