ரேவதிக்கு, அப்பீல் வக்கீல் பற்றி

அன்புள்ள ரேவதி,

உன் மெயிலைப் படித்ததும் முதலில் உன் மேல் கோபம்தான் வந்தது. உன் திவால் கேஸ் இத்தனை நாளாக நடக்கிறது, அந்தக் கடன் போகாது என்று தீர்ப்பே வந்துவிட்டது, இப்போதுதான் எனக்குச் சொல்லத் தோன்றியதா? சரி, திட்டுவதை போனில் வைத்துக்கொள்கிறேன். அப்பீல் போகலாமா, போனால் யாரை வைப்பது என்று கேட்டிருக்கிறாயே, அதற்கு முதலில் பதில்.

நான் வக்கீல் இல்லை. ஹூஸ்டனில் திவால் கேஸ் பார்க்கிற ஆபீஸில் வக்கீல்களுக்கு உதவி செய்கிற பாராலீகல், அவ்வளவுதான். அதனால் இதை வக்கீல் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே. வக்கீல் முன்னால் உட்காரும்போது என்ன கேட்க வேண்டும் என்பதற்கு மட்டும் வைத்துக்கொள்.

தீர்ப்பு "போன வாரம் வந்தது" என்று எழுதியிருக்கிறாய். போன வாரம் என்றால் எந்த நாள்? பி.டி.எஃப்பைத் திறந்து ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் பொடி எழுத்தில் ஓடுகிற வரியைப் பார். கேஸ் நம்பர், டாக்குமெண்ட் நம்பர், "ஃபைல்டு" என்று ஒரு தேதி, "என்டர்டு" என்று இன்னொரு தேதி, மணி நிமிஷத்தோடு இருக்கும். அந்த "என்டர்டு" தேதியிலிருந்து 14 நாள். ஜட்ஜ் கையெழுத்துப் போட்ட நாளும் கிடையாது, உன் வக்கீல் உனக்கு ஃபார்வர்டு பண்ணின நாளும் கிடையாது. சனி, ஞாயிறும் கணக்கில் சேரும். கடைசி நாள் விடுமுறையில் விழுந்தால் மட்டும் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளும். தீர்ப்புரை ஒரு டாக்குமெண்டாகவும் ஜட்ஜ்மெண்ட் தனியாகவும் வந்திருந்தால், முதலில் வந்ததன் தேதியை வைத்தே எண்ணிக்கொள்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஃபெடரல் கோர்ட்டில் சாதாரண சிவில் கேஸ் என்றால் அப்பீலுக்கு 30 நாள். திவால் கோர்ட்டில் அதில் பாதிகூட இல்லை. பெரிய பெரிய ஆட்களே இதில் விழுந்திருக்கிறார்கள். நாஷ்வில்லில் ஒரு நில பேரத்தில் ரிட்சன் குரூப் என்ற கம்பெனிக்கும் ஜாக்சன் மேசன்ரிக்கும் சண்டை. ஜாக்சன் திவால் மனு போட்டதால் கேஸ் அப்படியே நின்றது. தடையை நீக்கச் சொல்லி ரிட்சன் கேட்டது, திவால் ஜட்ஜ் மறுத்தார். அது நடுவில் வந்த சின்ன ஆர்டர்தானே, எல்லாம் முடிந்ததும் சேர்த்து அப்பீல் போகலாம் என்று விட்டுவிட்டார்கள். 2020-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: அந்த மறுப்பே ஒரு முடிவான ஆர்டர், 14 நாள் அன்றைக்கே ஓட ஆரம்பித்துவிட்டது. எங்கள் ஆபீஸில் புதிதாக யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்கள்.

அதனால் நல்ல அப்பீல் வக்கீல் கிடைக்கும்வரை காத்திருக்காதே. இப்போது இருக்கிற வக்கீலையே நோட்டீஸ் ஆஃப் அப்பீல் போடச் சொல். 417ஏ என்று ஒரு ஃபார்ம், சில பக்கங்கள்தான். கோர்ட் கட்டணம் 298 டாலர். அதைத் திவால் கோர்ட் கிளார்க்கிடமே போட வேண்டும். போட்ட பிறகு யோசித்து வேண்டாம் என்றால் வாபஸ் வாங்கிக்கொள்ளலாம். போடாமல் விட்டால் யோசிக்கவே ஒன்றும் இருக்காது. ஆனால் நோட்டீஸ் போட்டதும் இன்னொரு 14 நாள் ஆரம்பிக்கும். கீழ்க்கோர்ட் ரெக்கார்டில் எவை மேலே போக வேண்டும், எந்தெந்தக் கேள்விகளை எழுப்பப் போகிறோம் என்று அதற்குள் பட்டியல் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியலை எழுதுகிறபோது புது வக்கீல் உன் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

இனி யாரைப் பிடிப்பது. நம் சங்கத்து வாட்ஸ்அப்பில் கேட்டதாகவும் "நம்ம ஆள் ஒருத்தர் எடிசன்ல இருக்கார், எல்லாம் பார்ப்பார்" என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருக்கிறாய். வீட்டு ரெஜிஸ்ட்ரேஷனுக்கும் விசாவுக்கும் அவரிடம் போ, ஒன்றும் தப்பில்லை. இதற்கு வேண்டாம். இதில் சேர வேண்டியது இரண்டு வேலை. திவால் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். அதே நேரம் அந்தச் சட்டம் தெரியாதவருக்குப் புரியும்படி எழுதவும் தெரிய வேண்டும். ஏனென்றால் உங்கள் நியூ ஜெர்சி வட்டாரத்தில் அப்பீல் போவது டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜிடம். கலிபோர்னியா மாதிரி சில இடங்களில் மூன்று திவால் ஜட்ஜ்களே உட்கார்ந்து கேட்கும் பெஞ்ச் உண்டு, உங்களுக்கு அது கிடையாது. டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ் காலையில் போதை மருந்து கேஸில் தண்டனை சொல்லிவிட்டு மத்தியானம் உன் ஃபைலைத் திறப்பார். உன் கடனைப் பற்றின பிரிவை அவர் கடைசியாக எப்போது படித்தாரோ. அங்கேயும் தோற்றால் பிலடெல்பியாவில் மூன்றாம் சர்க்யூட் என்கிற அப்பீல் கோர்ட், அதற்குக் கட்டணம் 605 டாலர். இந்த இரண்டு இடத்திலும் சாட்சி கிடையாது, புது ஆவணம் கிடையாது. எழுத்தை வைத்துத்தான் தீர்ப்பு. நேரில் வாதாடவே கூப்பிடாமலும் முடிப்பார்கள். குறுக்கு விசாரணையில் புலி என்று பெயர் வாங்கினவரால் உனக்கு இங்கே பிரயோஜனம் இல்லை.

உன் கேஸையே எடுத்துக்கொள். மோகன் அண்ணாவின் பெரியப்பா பையன் வரவேண்டிய பாக்கியைக் கூட்டிக் காட்டி எழுதிக் கொடுத்தான், கடன் கொடுத்தவர்கள் அதை நம்பிக் கொடுத்தார்கள், நீயும் மோகன் அண்ணாவும் ஜாமீன் கையெழுத்துப் போட்டீர்கள். சாப்டர் 7 என்கிற திவால் வகையில் மற்றக் கடனெல்லாம் போனாலும் இது மோசடியால் வந்த கடன், அதனால் போகாது என்று ஜட்ஜ் சொல்லிவிட்டார். "நான் பொய் சொல்லவில்லையே, எனக்கு எப்படி" என்று கேட்கிறாய். 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புதான் காரணமாக இருக்கும். ஒரு தம்பதி சான்ஃபிரான்சிஸ்கோவில் வீட்டைப் புதுப்பித்து விற்றார்கள், குறைகளை மறைத்துவிட்டார்கள். மனைவிக்குத் தெரியாது என்று வைத்துக்கொண்டாலும் பார்ட்னர் செய்த மோசடியால் வந்த கடன் அவளையும் விடாது என்றது கோர்ட். ஒன்பது பேரும் ஒரே குரல்.

ஆனால் அது திவால் சட்டத்தில் எந்தக் கடன் போகாது என்று சொல்கிற 523-ஆம் பிரிவில் ஒரு உட்பிரிவைப் பற்றியது. பக்கத்திலேயே இன்னொரு உட்பிரிவு இருக்கிறது: சொத்து, வரவு, கடன் நிலைமை பற்றி எழுத்தில் கொடுத்த பொய்க்கு. அதில் கடனாளியே ஏமாற்றும் நோக்கத்தோடு அந்த எழுத்தைத் தந்திருக்க வேண்டும், அல்லது தர வைத்திருக்க வேண்டும் என்று சட்டத்தின் வாசகமே சொல்கிறது. ஒரே ஒரு சொத்தைப் பற்றிய பேச்சுகூட நிதி நிலைமை பற்றிய பேச்சாக ஆகலாம் என்று 2018-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படியானால் பாக்கிப் பட்டியல் எந்த உட்பிரிவில் விழும்? போதாததற்கு, 2023 தீர்ப்பில் இரண்டு நீதிபதிகள் தனியாக எழுதிச் சேர்த்தார்கள்: ஏஜென்டாகவோ பார்ட்னராகவோ இல்லாத ஒருவன் செய்த மோசடி பற்றி இந்தத் தீர்ப்பு பேசவில்லை என்று. நீங்கள் மூவரும் சட்டப்படி பார்ட்னர்களா, வெறும் எல்.எல்.சி.யில் பங்கு வைத்திருந்தவர்களா?

இதைப் படித்துவிட்டு ஜெயித்துவிட்டோம் என்று குதிக்காதே. இந்த வாதங்களை உன் வக்கீல் கீழ்க்கோர்ட்டில் எழுப்பினாரா என்பதுதான் அடுத்த கேள்வி. அங்கே சொல்லாததை மேலே போய்ப் புதிதாகச் சொன்னால் பெரும்பாலும் காதில் வாங்கமாட்டார்கள். நான் வேலை பார்க்கிற இடத்தில் அப்பீல் பார்க்கிற அம்மா ஒருத்தர் இருக்கிறார். புது ஃபைல் வந்தால் தீர்ப்பைத் தொடமாட்டார். பழைய வக்கீல் கொடுத்த மனுக்களையும் விசாரணை டிரான்ஸ்கிரிப்டையும் எடுத்து, எந்தப் பக்கத்தில் எந்த ஆட்சேபம் என்று மஞ்சள் ஒட்டுச்சீட்டாக ஒட்டிக்கொண்டே போவார். சீட்டு ஒட்ட இடமே கிடைக்காத ஃபைலை அன்று சாயங்காலமே கட்சிக்காரரைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார், இதில் உங்கள் காசை வாங்க மனசில்லை என்று. நீ தேட வேண்டியது இந்த மாதிரி ஆளை. பழைய வக்கீல் நல்லவராகவே இருந்தாலும் தான் எழுப்பாமல் விட்ட வாதத்தைத் தானே கண்டுபிடித்து உன்னிடம் சொல்வார் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. அதனால் அவரைத் துரத்தவும் வேண்டாம், அப்பீலை அவரிடம் கொடுக்கவும் வேண்டாம். ரெக்கார்டு அவருக்குத்தான் அத்துப்படி. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் கிடைக்காவிட்டால், நன்றாக எழுதுகிற அப்பீல் வக்கீல் ஒருவரை வைத்து, பழையவரை மணிக்கணக்கில் துணைக்கு வைத்துக்கொள்வதும் நடக்கிற காரியம்தான்.

இன்னொன்று, தீர்ப்பில் எது சட்டம், எது சாட்சி என்று பிரித்துப் பார்க்கச் சொல். சட்டக் கேள்வியை மேல்கோர்ட் புதிதாகவே பார்க்கும். ஆனால் "கூண்டில் இவர் சொன்னதை நான் நம்பவில்லை" என்று ஜட்ஜ் மோகன் அண்ணாவைப் பற்றி எழுதியிருந்தால், அதை அசைப்பது ரொம்பக் கஷ்டம். நோக்கம் இருந்தது என்பதும் சாட்சியை வைத்துச் சொன்ன முடிவாகவே போய்விடலாம்.

ஆளைச் சோதிக்க வெப்சைட்டைப் பார்க்காதே. எல்லோரும் புத்தக அலமாரிக்கு முன்னால்தான் நிற்கிறார்கள். ஃபெடரல் கோர்ட் ஆவணங்களைப் பார்க்கிற தளமான பேஸரில் ஒரு கணக்கு திற. பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு டாக்குமெண்டுக்கு அதிகபட்சம் 3 டாலர், மூன்று மாதக் காலாண்டில் 30 டாலருக்குள் இருந்தால் பில்லே வராது. அந்த வக்கீல் எழுதின திவால் அப்பீல் பிரீஃப், அதாவது எழுத்து வாதம், ஒன்றை இறக்கிப் படி. உனக்கே புரிகிறதா? எடுத்த கேள்வி இரண்டா, பன்னிரண்டா? பன்னிரண்டு கேள்வி எழுப்புகிறவருக்கு எதிலும் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம், இது என் சொந்த அபிப்பிராயம். மூன்றாம் சர்க்யூட் வாதங்களின் ஒலிப்பதிவைத் தன் தளத்திலேயே போடுகிறது, ஜட்ஜ் நடுவில் மடக்கும்போது இவர் என்ன செய்கிறார் என்று கேட்டுப் பார். மாநிலத்தின் வக்கீல் பதிவில் ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்றும் பார்த்துவிடு. அமெரிக்கன் போர்டு ஆஃப் சர்டிஃபிகேஷன் என்று திவால் வக்கீல்களுக்குச் சான்று தருகிற அமைப்பு இருக்கிறது. அது இருந்தால் நல்லதுதான், ஆனால் அப்பீல் எழுத வருமா என்பதை அது சொல்லாது.

பணம். சாப்டர் 7-இல் உன் வக்கீலுக்கு எஸ்டேட்டிலிருந்து, அதாவது திவாலில் போன சொத்திலிருந்து, கொடுக்க முடியாது, 2004-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த விஷயம். உன் சம்பளத்திலிருந்துதான். ஆகவே முழு அப்பீலுக்கும் ரிடெய்னர் என்று முன்பணம் கட்டிவிடாதே. ரெக்கார்டைப் படித்து "போகலாம், வேண்டாம்" என்று எழுத்தில் சொல்ல மட்டும் ஒரு தொகை பேசு. அது வந்த பிறகு மீதியை முடிவு செய். ஒப்பந்தத்தில் பதில் பிரீஃப், நேர் வாதம், வசூலை நிறுத்தக் கேட்கிற ஸ்டே மனு எல்லாம் உள்ளே இருக்கிறதா என்று பார். அப்பீல் போட்டதாலேயே வசூல் நிற்காது. ஸ்டேவுக்குத் தனியாகக் கேட்க வேண்டும், அதையும் முதலில் அதே திவால் ஜட்ஜிடம். அப்பீல் நிலுவையில் இருக்கும்போது எதிர்ப் பக்கம் தொகையைக் குறைத்துப் பேச வருவதும் உண்டு. அவர்களுக்கும் வக்கீல் செலவு ஏறிக்கொண்டுதானே இருக்கிறது. பேசத் தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. ஜெயிக்க வைக்கிறேன் என்று முதல் சந்திப்பிலேயே சொல்கிறவர் வீட்டுக் காபியைக்கூடக் குடிக்காதே.

இங்கே எல்லோரும் சௌக்கியம். இவருக்கு முட்டி ஆபரேஷன் முடிந்து கம்பு இல்லாமல் நடக்கிறார், அதைவிட வேகமாகப் புகார் சொல்கிறார். அனு நர்சிங் சேர்ந்திருக்கிறாள். ஹாஸ்டல் கலா திருச்சியிலிருந்து போன் பண்ணினாள், பாட்டியாகிவிட்டாளாம். உன்னைக் கேட்டாள், நன்றாக இருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். நீ வெட்கப்படுவது எனக்குப் புரிகிறது, ஆனால் என் மேஜைக்கு டாக்டர்கள் ஃபைல் வருகிறது, சர்ச் நடத்துகிறவர்கள் ஃபைல் வருகிறது.

ஒரு விஷயம். நீ எனக்கு எழுதுவதற்கு வக்கீலுக்குச் சொன்ன ரகசியம் என்ற பாதுகாப்பு கிடையாது. மோகன் அண்ணா உன்னிடம் என்ன சொன்னார், உங்களுக்கு எது எப்போது தெரியும் என்பதையெல்லாம் மெயிலில் எழுதாதே, என்னிடமும் சொல்லாதே. தீர்ப்பு பொது ஆவணம், அதை மட்டும் இன்றைக்கே அனுப்பு. நாளைக்கு உங்கள் நேரம் மத்தியானம் 1 மணிக்குக் கூப்பிடுகிறேன். அதற்குள் பழைய வக்கீலுக்கு நோட்டீஸ் போடச் சொல்லி எழுத்தில் ஒரு மெயில் போயிருக்க வேண்டும்.

அன்புடன்,
வசந்தா