பெற்றோர் ஆசிரியர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

விளையாட்டு விழா, கண் பரிசோதனை முகாம், நூலகத்துக்குப் புத்தகம் சேர்த்தல் மூன்றும் வழக்கம்போல் நடந்தன. குடிநீர்த் தொட்டி பழுது பார்க்கப்பட்டது.

அடுத்து, இந்த ஆண்டின் முக்கியமான பணி. மாணவர்களின் காதல் உறவுகளில் நடக்கும் வன்முறையைத் தடுக்க, வகுப்பில் பாடமும் பள்ளிக்கு எழுத்து வடிவில் ஒரு கொள்கையும் வேண்டும் என்று முன்மொழிந்தது நான்தான். "இதையெல்லாம் பேசினால் நாமே காதலிக்கச் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகாதா?" என்று சிலர் கேட்டார்கள். பிள்ளைகள் நம்மைக் கேட்டுக்கொண்டு காதலிப்பதில்லை. அடி விழுந்த பிறகுதான் விஷயம் நம் காதுக்கு வருகிறது. அதற்குள் போன் பாஸ்வேர்டைக் கேட்பது, யாரோடு பேசலாம் என்று உத்தரவு போடுவது, பிரிந்தால் படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டுவது எல்லாம் நடந்திருக்கும். அடிபடுவது ஆண் பிள்ளையாகவும் இருக்கலாம். அவன் வெளியே சொல்வது இன்னும் அரிது.

பாடம் நடத்தினால் பலன் உண்டா என்பது நியாயமான கேள்வி. அமெரிக்காவில் வட கரோலினாவில் 1990களில் சோதித்துப் பார்த்த 'சேஃப் டேட்ஸ்' பாடத்திட்டத்தின் பலன் நான்கு ஆண்டு கழித்தும் தெரிந்தது. கனடாவின் ஒன்டாரியோவில் 'ஃபோர்த் ஆர்' என்ற 21 பாடங்களை ஒன்பதாம் வகுப்பில் நடத்தினார்கள். இரண்டரை ஆண்டுக்குப் பிறகு, குறிப்பாக ஆண் பிள்ளைகளிடம், வன்முறை குறைந்திருந்தது. ஆனால் நியூயார்க் நகர நடுநிலைப் பள்ளிகளில் நடந்த 'ஷிஃப்டிங் பவுண்டரிஸ்' ஆய்வைத்தான் நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லி வந்தேன். அங்கே வகுப்புப் பாடம் மட்டும் நடந்த இடங்களில் பெரிய மாற்றம் இல்லை. தங்களுக்குப் பயமான இடங்களை மாணவர்களே பள்ளி வரைபடத்தில் குறித்துக் கொடுக்க, ஆசிரியர்கள் அங்கே கண்காணிப்புக்கு நின்றார்கள். எல்லை மீறியவருக்கு எழுத்து வடிவில் கட்டுப்பாடு வந்தது. அப்படிச் செய்த பள்ளிகளில் மாற்றம் தெரிந்தது. கொள்கை இல்லாமல் பாடம் மட்டும் போதும் என்றவர்களுக்கு என் பதில் இதுதான்.

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் இப்படிப் பாடமும் கொள்கையும் வேண்டும் என்பது 2007 முதல் சட்டமாகவே இருக்கிறது. முன்னாள் காதலனால் 2005இல் கொல்லப்பட்ட லிண்ட்சே ஆன் பர்க் என்ற இளம்பெண்ணின் பெயரைத் தாங்கிய சட்டம் அது. அதற்காகப் போராடிய அவருடைய தாயே பள்ளி ஆசிரியை.

நம் வரைவு தயாராகிவிட்டது. புகாரை முதலில் யார் கேட்பது என்பது அதில் தெளிவாக இருக்கிறது. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று ஆசிரியர் வாக்குக் கொடுக்கக் கூடாது. யாரிடம், ஏன் சொல்ல வேண்டும் என்பதைப் பிள்ளையிடமே விளக்க வேண்டும். வகுப்பையோ இருக்கையையோ மாற்ற வேண்டி வந்தால் துன்புறுத்தியவரைத்தான் மாற்ற வேண்டும். இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்துச் சமரசம் பேசவே கூடாது; பயந்திருக்கும் பிள்ளை அங்கே வாயைத் திறக்காது, வெளியே போனதும் இன்னும் அதிகமாக மாட்டிக்கொள்ளும்.

இவ்வளவு வேலைக்குப் பிறகும் வரைவு நிறைவேறவில்லை. காரணம், கூட்டத்துக்குப் போதிய உறுப்பினர்கள் வரவில்லை. எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன். வராதவர்களிடம் எதைச் சொல்வது? வாட்ஸ்அப்பில் கைகூப்பி வைத்தவர்கள் கூட்டத்தில் கை தூக்கவும் வந்திருக்க வேண்டும்.

வரவு செலவு பொருளாளரால் சரிபார்க்கப்பட்டது. கையிருப்பு கடந்த ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. சந்தா பாக்கி கணிசமாக இருக்கிறது. ஆசிரியர்களுக்கான பயிற்சி தள்ளிப்போனதும் அதனால்தான்.

தலைமை ஆசிரியருக்கும், பொருளாளருக்கும், வரைவைத் தட்டச்சு செய்து தந்த உறுப்பினருக்கும் நன்றி. பள்ளி ஆலோசகர் தன் மதிய உணவு நேரத்தையெல்லாம் இதற்குக் கொடுத்தார். அவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

வரும் ஆண்டின் முதல் கூட்டத்திலேயே வரைவு மறுபடியும் வைக்கப்படும். செயலாளர் பொறுப்பை இன்னொருவர் ஏற்க முன்வந்தால் கோப்புகளை மனநிறைவோடு ஒப்படைப்பேன். யாரும் முன்வராவிட்டால் நானே தொடர்கிறேன். ஆனால் வீடு வீடாகப் போய் ஆள் சேர்க்க இனி என்னால் இயலாது. பாக்கிப் பட்டியல் வாசலில் ஒட்டப்பட்டுள்ளது, ரசீதுப் புத்தகம் பொருளாளரிடம் இருக்கிறது.