கிளேஸ் போடாமல் நிறுத்திவிட்டேன்

அன்புள்ள சேகர்,

நான்கு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டுவதானால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. அம்மாவின் முழங்கால் இப்போது தேவலையா? இங்கே எல்லோரும் நலம்.

தூங்கும் குழந்தை, என் பீங்கான் சிலை, சூளையிலிருந்து வந்துவிட்டது! மூன்றாவது தடவை. முதலில் கை தொய்ந்துபோனது, அடுத்ததில் கழுத்து விரிந்தது. 1,280 டிகிரிச் சூட்டில் பீங்கான் மண் இளகும்; சூளையிலிருந்து வருவதற்குள் 12 முதல் 15 சதவீதம் வரை சுருங்கியும் விடும். இந்தத் தடவை அதே மண்ணில் முட்டு செய்து கைக்கடியில் கொடுத்தேன். சிலையோடு முட்டும் சேர்ந்து சுருங்கியது. கை நின்றுவிட்டதடா.

இப்போது சண்டை கிளேஸைப் பற்றி, அதாவது மேலே பூசிச் சுடும் கண்ணாடிப் பூச்சைப் பற்றி. "பூசினால் பளபளவென்று இருக்குமே" என்கிறார்கள் எல்லோரும். வாத்தியாரும் அந்தக் கட்சிதான். எனக்கு மனசு வரவில்லை. கிளேஸ் உருகிக் குழிகளில் தேங்கும். இமை மடிப்பும் உதட்டோரமும் மழுங்கிவிடும். ஒரு மாதம் ஊசிமுனையால் செதுக்கிய இமை அது. பூசாத பீங்கானில் வெளிச்சம் கொஞ்சம் உள்ளே இறங்கித் திரும்புகிறது. காலையில் ஜன்னலோரம் வைத்தேன், கன்னம் தோலாகவே தெரிந்தது.

பிரான்சில் வின்சென் பீங்கான் ஆலைக்காரர்கள் 1750களின் தொடக்கத்திலேயே பூச்சில்லாமல் உருவங்கள் செய்தார்கள். பிறகு அந்த ஆலை செவ்ர் ஊருக்கு மாறியதும், 1757 முதல் 1766 வரை அங்கே சிற்ப வேலையைச் சிற்பி ஃபால்கோனே கவனித்தார். சலவைக்கல் செதுக்கத் தெரிந்தவரின் கை அது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் டெர்பி ஆலையில் வண்ணம் தீட்டியதைவிடப் பூச்சில்லாத வெற்று உருவத்துக்குத்தான் விலை கூடுதலாக இருந்தது. புள்ளி விழுந்தால் மறைக்க வழியில்லை, மாசற்றதை மட்டுமே அப்படி விற்க முடியும்.

அங்கேதான் என் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இடது காதுக்குக் கீழே கடுகளவு கரும்புள்ளி. மண்ணில் கலந்திருந்த இரும்புத்துகள். வைரத் தேய்ப்பானால் தேய்த்தேன், குறைந்தது, போகவில்லை. வண்ணம் தீட்டினால் மறைந்துவிடும், முகமும் கூடவே போய்விடும். நான்காவது தடவை சுடவும் உடம்பில் தெம்பில்லை.

என் வேலையைப் பார்த்து நீ முகத்துக்காகப் பேசியதே கிடையாது, அந்த யானை விஷயத்தில்கூட. ஞாயிற்றுக்கிழமை வா. புள்ளி முதலில் கண்ணில் படுகிறதா, முகம் படுகிறதா, பார்த்துச் சொல். தொடுவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடு. பூச்சில்லாத பீங்கான் விரல் பிசுக்கைப் பிடித்துக்கொள்ளும்.

உன்,
மணி