ஊசியும் வர்க்கியும்

ஐயா,

எடைக் குறைப்பு ஊசிகளான செமாகுளுடைட், டிர்செபடைட் பற்றிய பேச்சு குன்னூர் டீக்கடை வரை வந்துவிட்டது. ஊசி போட்டுக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது என்றுதான் யாரும் பேசுவதில்லை.

பசி அடங்கியதும் பலர் சாப்பாட்டை விட்டுவிட்டு, டீயும் இரண்டு வர்க்கியுமாக நாளை ஓட்டுகிறார்கள். கொழுப்போடு தசையும் கரைகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு ஏறக்குறைய 70 கிராம் புரதம் தேவை (சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவு). ஒரு முட்டையில் 6 கிராம், வெந்த அவரைக்கொட்டை 100 கிராமில் சுமார் 8 கிராம். தட்டில் முதலில் அதைத் தின்றுவிட்டுச் சோற்றுக்குப் போகலாம். இம்மருந்துகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். குளிருக்கு இதமாக பஜ்ஜி தின்றால், குறிப்பாக டோஸ் கூட்டிய வாரத்தில், குமட்டல் வரலாம். குளிரில் தாகமும் தெரியாது. தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல்.

மேடு ஏறி இறங்குவதே போதும் என்பது நம் ஊர் நம்பிக்கை. கால்களுக்குச் சரி, கை, தோள், முதுகுக்கு வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி வேண்டும்.

2022ல் வெளியான, ஸ்டெப் 1 என்ற மருந்துப் பரிசோதனையின் தொடராய்வில், செமாகுளுடைடை நிறுத்தியவர்களுக்கு ஓராண்டுக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. அதனால் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. நிறுத்திய பின்னும் வாரம் ஒருநாள், காலையில் வெறும் வயிற்றில் எடை பார்க்க வேண்டும்.

இன்னொன்று: ஊசிப் பேனாவை ஃப்ரீசரை ஒட்டி வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்தால் குப்பைக்குத்தான்.

– வாசகர், கோத்தகிரி