ஊர்க்காவல் படை: ஆள் எடுத்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவல்துறைக்குத் துணைநிற்கும் தொண்டர் அமைப்பான ஊர்க்காவல் படைக்கு ஆட்கள் தேவை என்ற அறிவிப்பு அவ்வப்போது நாளிதழ்களில் வெளிவருகிறது. இளைஞர்களும் ஆர்வத்தோடு விண்ணப்பித்துப் பயிற்சி முடிக்கிறார்கள். ஆனால் காரைக்குடியில் எனக்குத் தெரிந்தவர்களில் பலர், சீருடை வெளுப்பதற்கு முன்பே விலகிவிட்டார்கள். புதிதாக ஆள் எடுப்பதைக் காட்டிலும், வந்தவர்களை நிலைக்கச் செய்வதே இன்றைய அவசரத் தேவை.

எங்கள் கடையில் பணிபுரியும் தம்பி ஒருவர் இப்படையில் இருக்கிறார். தைப்பூசத்துக்குப் பழனி செல்லும் நகரத்தார் காவடியும் பாதயாத்திரைக் கூட்டமும் குன்றக்குடியைக் கடக்கும் நாட்களில், இரவெல்லாம் சாலையோரம் ஒளிரும் மேலங்கியோடு நின்று, வயதானவர்களை வண்டிகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நடக்கச் செய்துவிட்டு, காலையில் நேராகக் கடைக்கு வந்து நிற்பார். பந்தோபஸ்துக்கான அழைப்போ பெரும்பாலும் முதல் நாள் மாலையில்தான் வருகிறது. நான் அனுப்பிவிடுவேன், எல்லா முதலாளிகளும் அனுப்புவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. பிள்ளையார்பட்டி சதுர்த்தியும் குன்றக்குடிப் பங்குனி உத்திரமும் திடீரென்று வருபவை அல்லவே. பணிப்பட்டியலை இரண்டு வாரம் முன்னதாகக் கொடுப்பதில் என்ன தடை இருக்க முடியும்?

அடுத்தது, பணிக்காக வழங்கப்படும் படித்தொகை. ஊர்க்காவல் படையினர் மாதம் முழுவதும் பணிபுரிந்தால் கிடைக்கும் தொகை, ஒரு காவலரின் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையக் கூடாது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதன் பின்னர் தமிழகத்தில் நாள் படி 560 ரூபாயாக உயர்ந்தது உண்மைதான். ஆனால் கூடவே மாதப் பணி நாட்கள் ஐந்தாகச் சுருக்கப்பட்டதால், கைக்கு வருவது 2,800 ரூபாய் என்றாகிவிட்டது. தொண்டுக்கு வந்தவர்கள் சம்பளம் கேட்கவில்லை என்பது சரியே. ஆயினும் தேவகோட்டையிலிருந்தோ கானாடுகாத்தானிலிருந்தோ வந்து போகும் செலவையும், இழந்த ஒரு நாள் கூலியையும் கணக்கிட்டால், வீட்டில் குழந்தைகள் உள்ளவர் எத்தனை ஆண்டு தாங்குவார்?

பொதுமக்கள் தன்னார்வமாகக் காவல்துறைக்கு உதவிய காவல்துறை நண்பர்கள் குழு (Friends of Police) 1993-இல் நம் பக்கத்து இராமநாதபுரத்தில்தான் தொடங்கியது. சாத்தான்குளம் சம்பவத்துக்குப் பின் 2020 ஜூலையில் அதற்குத் தடை வந்தது. ஊர்க்காவல் படை அப்படிப்பட்டதன்று. 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த, வரையறுத்த பொறுப்பும் கட்டுப்பாடும் உடைய அமைப்பு. பொதுமக்கள் காவல் பணியில் முறையாகப் பங்கேற்க எஞ்சியுள்ள இந்த வழியையும் பலவீனப்படுத்தலாகாது. ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் நிறைந்த நம் ஊர்களில், தெருவை அறிந்த, முகம் தெரிந்த ஓர் உள்ளூர்க்காரர் இரவு ரோந்தில் உடன் வருவது எத்தனை துணை என்பதை இங்குள்ளோர் அறிவர். ஆனால் அவரையே நிலையத்தில் எடுபிடி வேலைக்கு வைத்துக்கொண்டால், தன்மானமுள்ள எவரும் நீடிக்க மாட்டார்கள்.

எனவே மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள், அடுத்த ஆள் சேர்ப்புக்கு முன்பாக, விலகியவர்களையும் அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் எங்களைப் போன்ற வணிகர்களையும் அழைத்து ஒரு கூட்டம் நடத்த வேண்டுகிறேன். போக்குவரத்துச் செலவைத் தனியே வழங்கவும், பணி நாட்களைக் கூட்டவும் அரசுக்கு அவர் பரிந்துரைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வணிகர்,
காரைக்குடி.