ஈரல் கொழுப்பும் உன் ராத்திரி வேலையும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். ஃபேட்டி லிவர், கிரேடு ஒன், அதாவது ஆரம்பக் கட்டம். "கண்ட எண்ணெயில பொரிச்சதைத் தின்னா வேற என்ன ஆகும்" என்று அம்மா புலம்பிக்கொண்டே இருக்கிறாள். ஓட்டல் சாப்பாட்டைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் இத்தனை வருஷம் விலங்கியல் பாடம் நடத்திய எனக்கு, உன் தட்டைவிட உன் தூக்கம்தான் பெரிய கவலை.

ஈரலில் தேங்கும் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்று 2005-ல் அமெரிக்காவில் நோயாளிகள் சிலரிடம் தடம் பிடித்துப் பார்த்தார்கள். சாப்பாட்டிலிருந்து நேரே வந்தது 15 சதவீதம்தான். ஈரல் தானே தயாரித்துக்கொண்டது 26. சோறும் சர்க்கரையும் மிஞ்சினால் அது செய்கிற வேலை. மீதி 59 சதவீதம் ரத்தத்தோடு வந்த கொழுப்பு அமிலம். அதில் பெரும்பகுதி, உடம்பு ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்த கொழுப்பு கரைந்து வந்தது.

அதைக் கரைத்துவிடுவதில் பரிவு நரம்புக்குப் பெரிய பங்கு. பயமோ பதற்றமோ வந்தால் அதன் முனைகள் கொழுப்புத் திசுவில் நார்அட்ரினலின் என்கிற ரசாயனத்தைச் சுரக்கின்றன, கொழுப்பு கரைந்து ரத்தத்தில் கலக்கிறது. ஓடித் தப்பிக்கிறவனுக்கு அந்தக் கொழுப்பு எரிபொருள். நீயோ ராத்திரி முழுக்க நாற்காலியில் இருக்கிறாய். தசை கேட்காததை ஈரல் வாங்கி வைத்துக்கொள்கிறது.

2015-ல் சிகாகோவில் ஆரோக்கியமான இளைஞர்களை நான்கு இரவு, இரவுக்கு நாலரை மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள். பின்ராத்திரியிலும் விடியற்காலையிலும் அவர்கள் ரத்தத்தில் கொழுப்பு அமிலம் ஏறி நின்றது. இன்சுலினின் பிடியும் தளர்ந்தது. சாப்பாட்டில் மாற்றமில்லை, தூக்கம் மட்டுமே குறைந்தது. அதைப் படித்ததிலிருந்து உன் நினைவாகவே இருக்கிறேன் பாப்பா.

நம் வயலில் தண்ணீர் நிற்பது வரத்தால் மட்டுமா? வடிகால் தூர்ந்தாலும் நிற்கும். ஈரலுக்கும் அப்படித்தான், அந்த வடிகாலிலும் நரம்பு கை வைக்கிறது. லெப்டின் என்கிற ஹார்மோன் மூளைத்தண்டைத் தொட்டதும், மூளைத்தண்டிலிருந்து வயிற்றுப் பக்கம் இறங்கும் வேகஸ் நரம்பு வழியே உத்தரவு வந்து ஈரல் தன் கொழுப்பை வெளியே அனுப்புகிறது என்று 2019-ல் எலிகளில் காட்டினார்கள். ஈரலுக்குப் போகும் அந்தக் கிளையை வெட்டியபோது அது நடக்கவில்லை.

இந்தக் கட்டத்தில் ஈரல் திரும்பத் தேறும், பயப்படாதே. ஆனால் டாக்டர் கேட்காவிட்டாலும் நீயே உன் வேலை நேரத்தைச் சொல். பகலில் எத்தனை மணி நேரம் தூங்குகிறாய், நடுவில் எத்தனை தடவை போன் எழுப்புகிறது, எல்லாவற்றையும் சொல். பகல் ஷிஃப்ட் கேட்டு மேனேஜருக்கு இந்த வாரமே எழுது. சம்பளம் குறைந்தால் குறையட்டும், இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. சம்பா நடவு முடிந்ததும் அம்மாவை அங்கே அனுப்புகிறேன், ஒரு மாசம் சமைத்துப் போடுவாள்.

அன்புடன்,
அப்பா