டோர் புரவுசரை திறந்து வச்சா மட்டும் போதாது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்க கணினி பக்கத்துல டோர் (Tor, நாம எங்கயிருந்து வாறம்னு மறைச்சு இன்டர்நெட்ல போக விடுற வலை) பத்தி வந்த குறிப்பை பார்த்தேன், நல்ல விஷயம்தான், ஆனா டோர் புரவுசரை திறந்து வச்சா கொம்பியூட்டர்ல உள்ளது எல்லாமே அதுவழியா போகும்னு எழுதியிருக்கிறது பிழைங்க. அது தன்னோட டிராபிக்கை மட்டும்தான் கொண்டு போகும். மெயிலுக்கும் டெலிகிராமுக்கும் நாமதான் தனித்தனியா ப்ரொக்ஸி (டிராபிக்கை டோர் வழியா திருப்பி விடுற செட்டிங்) போட்டு குடுக்கணும்.

நான் ஹட்டன்ல ரிப்பேர் கடை வச்சிருக்கேன், இது சம்பந்தமா வாற பொடியன்கள் முக்கால்வாசிப்பேர் சிக்கிறது போர்ட் நம்பர்லதான், அதாவது கொம்பியூட்டருக்குள்ள டோருக்கு போற வாசல் நம்பர்ல. டோர் புரவுசரோட வாறது 9150, தனியா டோர் சேர்விஸ் போட்டிருந்தா 9050, புரவுசர் மட்டும் வச்சிருக்கிற இவங்க எங்கயோ பார்த்துட்டு 9050னு அடிச்சு வச்சிருப்பாங்க, கனெக்ட் ஆகாது. இல்லாட்டி ப்ரொக்ஸி செட்டிங்ல சொக்ஸ் (SOCKS) கட்டத்துக்கு பதிலா எச்டிடிபி (HTTP) கட்டத்துல அடிச்சிருப்பாங்க. அந்த கட்டத்தை வெறுமையா விட்டுட்டு சொக்ஸ்ல 127.0.0.1 (உங்க கொம்பியூட்டரையே குறிக்கிற முகவரி), பக்கத்துல போர்ட், வேர்ஷன் 5. அவ்வளவுதான். புரவுசரை மூடினா 9150ம் சேர்ந்து மூடிரும், உடனே மெயில் வரலன்னு ப்ரொக்ஸியையே கழட்டிடுறாங்க, அப்புறம் என்ன மறைவு?

பெரிய விஷயம் டிஎன்எஸ் (DNS), சேர்வர் பேரை குடுத்தா அதோட நம்பர் முகவரியை தேடி தாற சேவை. தண்டர்பேர்ட்ங்கிற மெயில் அப்ல சொக்ஸ் 5க்கு டிஎன்எஸ்ஸையும் ப்ரொக்ஸி வழியா அனுப்புன்னு ஒரு டிக் இருக்கு, அதை போடாட்டி மெயில் டோர் வழியா போனாலும் எந்த சேர்வருக்கு போறோம்னு இன்டர்நெட் கம்பெனிக்கு தெரிஞ்சிரும், ஒளிஞ்சு போறவன் சந்தியில நின்னு சத்தமா வழி கேக்கிற மாதிரி.

வீடியோ கோல் டோர்ல எதிர்பார்க்க வேணாம், டேட்டா அனுப்புறதுக்கு டிசிபி (TCP), யுடிபி (UDP)ன்னு ரெண்டு முறை இருக்கு, டோர் டிசிபி மட்டும்தான் கொண்டு போகும், கோல் அனேகமா யுடிபி. டொரண்ட் போடவே வேணாம், உங்க ஐபியை (இன்டர்நெட்ல உங்க கனெக்ஷனோட முகவரி நம்பரை) அதுவே வெளியில சொல்லிரும்.

எல்லாம் சரியா இருந்தும் டோர் கனெக்ட் ஆகலன்னா திரையோட மூலையில நேரத்தையும் திகதியையும் பாருங்க. பழைய மெஷின்ல சீமோஸ் பெட்டரி (உள்ளுக்குள்ள நேரத்தை காப்பாத்தி வச்சிருக்கிற சின்ன பெட்டரி) செத்து திகதி பத்து வருஷம் பின்னால போயிருக்கும், நேரம் பிழைன்னா டோர் ஏறாது, இதுக்கு போய் விண்டோஸையே திரும்ப இன்ஸ்டோல் பண்ணின ஆக்கள் இருக்காங்க.

2018 மார்ச்ல கண்டி பக்கம் கலவரம் நடந்தப்பவும் 2022 ஏப்ரல்லயும் பேஸ்புக், வட்ஸ்அப்பை நிப்பாட்டினப்ப சனம் கிடைச்ச அப் எல்லாம் இறக்கிச்சு, திரும்ப அப்பிடி ஒன்னு வந்தா உங்க குறிப்பை வெட்டி வச்சிருக்கிறவங்க அதைத்தான் பார்ப்பாங்க. அடுத்த ஞாயிறே அதே பக்கத்துல திருத்தம் போடுங்க, அந்த ரெண்டு போர்ட் நம்பரையும் கட்டாயம் சேர்த்து.

இப்படிக்கு,
ரிப்பேர் கடைக்காரர் ஒருவர்,
ஹட்டன்